ஆராய்ச்சி வளாகத்தைவிட்டு வெளியேறிய வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 1913-ஆம் ஆண்டில் சங்கடமான ஒரு கோரிக்கையைச் சந்தித்தது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியம் பெற்றுவந்த 25 வயது எழுத்தர் ஒருவருக்குக் கணித ஆராய்ச்சிக்கென உதவித்தொகை வழங்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. அவரிடம் பட்டம் ஏதும் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே ஆராய்ச்சி உதவித்தொகை என்று விதி இருந்தது.

அந்த எழுத்தர் சீனிவாச ராமானுஜன். இந்திய வானிலைத் துறையின் தலைவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவருமான கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஆட்சிக்குழுவில் விதி குறுக்கே நின்றது. பல்கலைக்கழகத்துக்கான சட்டத்தின் முகவுரையிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறதே என்ற வாதம் அப்போது எடுபட்டதாக, ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல் குறிப்பிடுகிறார். மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

இதை ஒரு மேதை கண்டெடுக்கப்பட்ட கதையாகவே நாம் சொல்லி வருகிறோம். இதற்குள் ஒரு நிறுவனத்தின் கதையும் இருக்கிறது. தேர்வு நடத்துவதற்கென்றே தோற்றுவிக்கப்பட்ட ஓர் அமைப்பு, தன் தேர்வில் தோற்ற ஒருவரை ஆராய்ச்சியாளராக ஏற்றுக்கொள்ளச் சட்டத்தின் முகவுரையைத் துழாவ வேண்டியிருந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் இடையிலான உறவு தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் அமைந்தது.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-இல் நிறுவப்பட்டன. அவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். அது கல்லூரிகளில் படித்த மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கும் அமைப்பாக மட்டுமே அப்போது இயங்கியது. அதற்கென்று வகுப்பறையோ ஆய்வுக்கூடமோ கிடையாது. அரசு அலுவலகங்களுக்குத் தகுதிவாய்ந்த ஆள்களைத் தேர்ந்தெடுக்க விரும்பிய காலனி ஆட்சிக்கு இந்த முறை வசதியாகவும் சிக்கனமாகவும் இருந்தது.

ஆனால், அதே காலத்தில் ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் என்ற சொல்லின் பொருளே மாறிக் கொண்டிருந்தது. 1810-இல் வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட்டின் முயற்சியால் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒரே பணியின் இரு கூறுகள் என்ற கொள்கையை முன்வைத்தது. 1824-இல் கீசென் என்ற சிறிய ஜெர்மானிய நகரின் பல்கலைக்கழகத்தில் 21 வயதில் பேராசிரியராகச் சேர்ந்த யுஸ்டஸ் வான் லீபிக், வேதியியல் மாணவர்களைச் சொற்பொழிவு மண்டபத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்து வந்தார். விடை தெரிந்த சோதனையைத் திரும்பச் செய்து காட்டுவது தொடக்கப் பயிற்சி மட்டுமே. அதன்பின் ஒவ்வொருவரும் விடை தெரியாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு உழைக்க வேண்டும். இன்று உலகெங்கும் முனைவர் பட்ட மாணவர்கள் பின்பற்றும் நடைமுறையின் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

லீபிக்கின் மாணவர் ஹாஃப்மன் 1845-இல் லண்டனுக்கு வந்து வேதியியல் கல்லூரி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அவருடைய மாணவரான வில்லியம் பெர்கின், 1856-இல் தம் 18-ஆவது வயதில், மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கம் அது. அதற்கு அடுத்த ஆண்டுதான் இந்தியாவுக்குத் தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகங்கள் வழங்கப்பட்டன.

இந்த வேறுபாட்டின் விலையை இந்திய உழவர்களும் செலுத்தினார்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அடால்ஃப் வான் பேயர் அவுரி நீலத்தின் மூலக்கூறு அமைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கினார். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மானிய நிறுவனம் 1897-இல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இந்தியாவின் அவுரி ஏற்றுமதி சரிந்தது. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அந்தத் தொழிலை வீழ்த்தியது ஓர் ஆய்வுக்கூடம் என்பது நம் பாடநூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இந்தியாவில் மாற்றத்துக்கான வாசலைத் திறந்தது, விந்தையாக, தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்த 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். பல்கலைக்கழகங்களின் மீது அரசின் பிடியை இறுக்கவே கர்சன் பிரபு அதைக் கொண்டுவந்தார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆயினும், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமிக்கலாம், ஆய்வுக்கூடங்கள் அமைக்கலாம் என்ற அனுமதியும் அந்தச் சட்டத்தில் இருந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டவர், கணிதத்தில் தாமே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவரும் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியுமான அசுதோஷ் முகர்ஜி. 1906 முதல் 1914 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர்.

அரசு பணம் தரத் தயங்கியது. தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்ற இரு வழக்குரைஞர்கள் தங்கள் செல்வத்தைக் கொடுத்தார்கள். 1914-இல் அறிவியல் கல்லூரி உருவானது. பாலித் பெயரிலான இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு, நிதித்துறையில் உயர் அதிகாரியாக இருந்துகொண்டு அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்துவந்த சி.வி. ராமன் அழைக்கப்பட்டார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ராமன் ஏற்க மறுத்ததால், அது தளர்த்தப்பட்டது. வருமானம் குறையும் என்று தெரிந்தே 1917-இல் அவர் பேராசிரியரானார். அந்தப் பதவிக்கு வகுப்பெடுக்கும் கடமை இல்லை என்றபோதும் அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1928-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்கான சோதனைகள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நடக்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தன. ஆனால் பேராசிரியர் பதவி தந்த முழுநேரம் இல்லாவிட்டால் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

அதே அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தவர்கள் மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும். முதல் உலகப் போரின் காரணமாக ஜெர்மானிய நூல்கள் கிடைப்பது அரிதாக இருந்த சூழலில், இருவரும் ஜெர்மன் மொழி கற்று, ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. தேர்வு நடத்துவதற்கென்று பிறந்த பல்கலைக்கழகம் அறுபது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு இந்த நூலே போதிய சான்று.

போஸ் 1921-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பிளாங்கின் விதியை மாணவர்களுக்கு விளக்கும்போது, அந்த விதியைத் தருவிக்கும் முறையில் பழைய இயற்பியலும் புதிய இயற்பியலும் முரண்படக் கலந்திருப்பது அவரை உறுத்தியது. மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஆசிரியன் என்ற முறையில்தான் அந்த முரண்பாடு தமக்குப் புலப்பட்டது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். 1924-இல் அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய சிறு கட்டுரை அந்த உறுத்தலின் விளைவு. போஸான் என்ற பெயர் இன்று இயற்பியலின் அடிப்படைச் சொற்களுள் ஒன்று.

இது ஒரு தனி நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. 1858-இல் சூரிச் நகரில் நுண்கணிதம் கற்பிக்கத் தொடங்கிய ரிச்சர்ட் டெடகிண்ட், தொடர்ச்சி என்ற கருத்துக்கு வரைபடத்தைக் காட்டுவதைத் தவிர உறுதியான அடிப்படை ஏதும் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தார். மெய்யெண்கள் என்றால் என்ன என்பதற்கு இன்று நாம் தரும் வரையறைகளுள் ஒன்று அந்த அதிருப்தியிலிருந்து பிறந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென வேதியியல் பாடநூல் எழுதிக் கொண்டிருந்த மெண்டலீவ், தனிமங்களை எந்த வரிசையில் விளக்குவது என்று குழம்பியதன் பலனே 1869-இன் தனிம வரிசை அட்டவணை. தனக்குத் தெரியும் என்று நினைத்த ஒன்றை விவரம் அறியாத இளைஞர் கூட்டத்தின் முன் சொல்லும்போதுதான் அதன் ஓட்டைகள் கண்ணில் படுகின்றன. மாணவர்களே இல்லாத ஆய்வு நிறுவனத்தில் இந்த வாய்ப்பு குறைவு.

சென்னைக்கு வருவோம். 1942 முதல் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் காலத்தில், 1952-இல், ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் துறையின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் பதனிடுதல் என்பது, தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை அழுகாதபடி நிலைப்படுத்துவதே. அந்தப் புரதத்தின் அமைப்பு அப்போது உலகில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் உதவியோடு கொலாஜன் மாதிரிகளைப் பெற்று எக்ஸ் கதிர் படங்கள் எடுத்தார் ராமச்சந்திரன். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜன் மிகத் தெளிவான படங்களைத் தந்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய முப்புரி அமைப்பை முன்மொழிந்தார்கள். கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே ஏன் வருகிறது என்ற புதிருக்கும் அதில் விடை இருந்தது. புரியின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இந்த அமைப்பில் சில அணுக்கள் அனுமதிக்கத்தக்க அளவைவிட நெருக்கமாக இருப்பதாகக் குறை கூறினார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியோடு ராமச்சந்திரன் அந்தக் குறையை எதிர்கொண்டார். வெளியாகியிருந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, தம் மாணவர்களான சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, புரதச் சங்கிலியின் இரு சுழற்சிக் கோணங்கள் எந்தெந்த மதிப்புகளைப் பெற இயலும் என்பதை ஒரே வரைபடத்தில் அடக்கினார். 1963-இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் அது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் எந்த நாட்டு ஆய்வாளரும் தம் விடை சரியா என்று சோதிக்க இன்றும் இந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறார். இவை யாவும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறையொன்றில், பட்டம் பெற வந்த மாணவர்களைக் கொண்டு செய்யப்பட்டவை.

ஆனால் ராமச்சந்திரன் சென்னைக்கு வந்த காலத்திலேயே நாட்டின் போக்கு வேறு திசையில் திரும்பியிருந்தது. 1942-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் (சிஎஸ்ஐஆர்) உருவானது. 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் 1948-இல் அணுசக்தி ஆணையமும் தோன்றின. 1950 முதல் தேசிய ஆய்வுக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. வறுமையிலிருந்த நாட்டில் பணத்தைச் சில இடங்களில் குவித்தால்தான் விரைவில் பலன் கிட்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அணுசக்தி போன்ற பெருந்திட்டங்களை ஒரு பல்கலைக்கழகத் துறையால் சுமக்கவும் இயலாது.

ஆயினும் அன்றே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 1948-49-இல் செயல்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தில் மேகநாத் சாகாவும் இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அணு இயற்பியல் நிறுவனம் ஒன்றை எழுப்பிய சாகா, ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிரிப்பதைத் தொடர்ந்து எதிர்த்தார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அங்கும் அரசின் அறிவியல் கொள்கையை விமர்சித்தார். இதில் வியப்புக்குரியது, சாகாவின் எதிர்த்தரப்பில் நின்ற ஹோமி பாபாவின் கருத்து. தேசிய ஆய்வுக்கூடங்களுக்காகப் பல்கலைக்கழகங்களிலிருந்து நல்ல அறிவியலாளர்களை இழுத்துக்கொண்டதால் பல்கலைக்கழகங்கள் பலவீனமடைந்தன என்று, 1966 ஜனவரியில், விமான விபத்தில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் ஆற்றிய உரையில் அவரே ஒப்புக்கொண்டார்.

இதே ஆண்டுகளில் அமெரிக்கா எதிர்த்திசையில் சென்றது. போர்க்கால ஆராய்ச்சியை வழிநடத்திய வன்னேவர் புஷ் 1945-இல் அளித்த அறிக்கை, அமைதிக் காலத்தில் அரசின் ஆராய்ச்சிப் பணம் பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல வேண்டும் என்றது. 1950-இல் அங்கு தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவானது. அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தையே கலிபோர்னியா பல்கலைக்கழகம்தான் நிர்வகித்தது. தனி ஆராய்ச்சி அமைப்பை வைத்திருந்த பிரான்சும், 1966 முதல் அதன் ஆய்வுப் பிரிவுகளைப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கத் தொடங்கியது. சம்பளம் ஆராய்ச்சி அமைப்பிலிருந்து வந்தாலும் ஆய்வாளரின் மேசை பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்பதே அந்த ஏற்பாடு.

நம் நாட்டில் பிளவு ஆழமானதன் அறிகுறியைக் கணிதத்தில் காணலாம். சென்னை லயோலா கல்லூரியில் பணிபுரிந்த சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு பாதிரியார், அன்றைய பாரிஸின் நவீனக் கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவருடைய மாணவர்களான சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953-இல் பம்பாயின் டாட்டா நிறுவனத்துக்குச் சென்று, 1965-இல் தங்கள் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவினார்கள். அவர்களுக்கு அது சரியான முடிவே. கல்லூரியும் பல்கலைக்கழகமும் திறமையை இனங்கண்டு அனுப்பிவைக்கும் இடங்களாக மட்டும் சுருங்கியதுதான் சிக்கல். அப்படிப் போனவர்கள் கற்பிக்கத் திரும்பி வராதபோது, அடுத்த சேஷாத்ரியை இனங்காணக்கூடிய ஆசிரியர் அந்த வகுப்பறையில் இருப்பதில்லை. ராமச்சந்திரனும் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்குச் சென்றுவிட்டார்.

இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2006 முதல் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சியாளர்களே கற்பிக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் அவையும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே புதிய தீவுகளாகவே எழுந்தன. நாட்டின் பெரும்பான்மை மாணவர்கள் படிப்பதோ மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் புள்ளிவிவரப்படி, 2020-21-இல் நாட்டின் ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அந்தச் சிறு தொகையிலும் உயர்கல்வித் துறையின் பங்கு பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

பணத்தோடு முடியும் குறையும் அல்ல இது. 1857-இன் தேர்வு மனப்பான்மை இப்போது ஆசிரியர்களையே மதிப்பெண் போட்டு அளக்கும் முறையாகத் திரும்பியிருக்கிறது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிக் கணக்கு, வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பதவி உயர்வோடு பிணைத்தது. பணம் கொடுத்தால் எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று அறிக்கைகளையும் சில கட்டுரைகளையும் தவிர வேறு எதுவும் காட்ட முடியாத 1914-இன் ராமானுஜன், அந்தப் புள்ளிக் கணக்கில் எங்கே நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

2023-இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இப்போது செயல்படத் தொடங்கியுள்ளது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டாலும், அதில் பெரும்பகுதி அரசு சாராத மூலங்களிலிருந்து வர வேண்டும். வழக்குரைஞர்கள் இருவரின் கொடையால் ஓர் அறிவியல் கல்லூரி எழுந்த நாடு இது என்பதால் அது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடை ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரடியாக வந்தது. வலுவான நிறுவனங்களை மையமாகவும் பல்கலைக்கழகங்களை அவற்றின் ஆரங்களாகவும் இணைக்கும் திட்டமும் தொடங்கப்பட்டிருக்கிறது. மையத்துக்குப் பணமும் ஆரத்துக்குப் பயிலரங்கச் சான்றிதழும் என்று அது முடிந்துவிடக் கூடாது.

தொடங்குவதற்குச் சென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கிண்டியிலிருந்து தரமணி வரையிலான சில கிலோமீட்டர் தூரத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம் ஆகிய அனைத்தும் அமைந்துள்ளன. தேசிய நிறுவனங்களின் அறிவியலாளர்கள் ஆண்டுக்கு ஒரு பருவமாவது பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை வகுப்பு ஒன்றை எடுப்பதைப் பணிக் கடமையாக்கலாம். அதற்கு ஈடாகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அந்த நிறுவனங்களின் கருவிகளில் குறித்த மணிநேரங்களைத் தங்கள் மாணவர்களுக்கென உரிமையாகப் பெறலாம். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பல மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை மட்டும் முதலில் நிரப்பியாக வேண்டும். அவற்றை நிரப்புவது மாநில அரசுகளின் பொறுப்பு. அதற்கு டெல்லியின் அறக்கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.